ரெண்டு பாயிண்ட் ராசப்பன்

எங்கள் ஊருக்கு வந்து ராசப்பன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். ரெண்டு பாயிண்ட் ராசப்பன் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் யாரைக் கேட்டீர்களோ அந்த ஆளே கூட நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டு, அந்தப் பெயர் வந்த கதையையும் வழியிலேயே சொல்லி முடித்துவிடுவான். வழி ஒரு மைல். கதைக்குச் சரியாக இருக்கும். அப்படி வர முடியாதவர்களுக்காக நான் எழுதுகிறேன்.

முதலில் ஊரின் சீதோஷ்ணத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி வேலை அதனுடையது. ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில், மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மழை மேகங்களுக்கு எங்களைத் தெரியும், ஆனால் நிற்பதில்லை. நேராகக் கொல்லிமலைக்குப் போய் அங்கே கொட்டிவிட்டு, திரும்பும்போது எங்களுக்குக் கொஞ்சம் நிழல் போட்டுவிட்டுப் போகும். துவைத்த வேட்டியின் ஒரு முனையைக் கொடியில் போட்டு மறு முனையைப் போடுவதற்குள் முதல் முனை காய்ந்திருக்கும். ஆடி மாதத்து மேல்காற்றில் குடை பிடித்தவர்கள் குடையைத் தேடிச் சேந்தமங்கலம் வரை போனதுண்டு. ஆனால் மாலை நேரத்தில் இந்த ஊரைப் போல ஓர் ஊர் இல்லை. வெயில் சாய்ந்ததும் தரையிலிருந்து ஒரு காய்ந்த குளிர்ச்சி கிளம்பும். எவ்வளவு ஓடினாலும் வியர்வை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இழுப்பு நோய்க்காரர்களை இங்கே போய் இருக்கச் சொல்லி டாக்டர்கள் அனுப்புவார்கள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வக்கீல் மணியன் அப்படித்தான் வந்து சேர்ந்தார். காற்று நன்றாக இருக்கிறது என்று மூச்சை இழுத்துவிட்டு, அந்த மூச்சிலேயே பூப்பந்து கிளப் ஒன்றை ஆரம்பித்தார்.

ஊரின் பெரிய ஏரி அரசாங்க வரைபடத்தில் நீல நிறம். நேரில் சாம்பல் நிறம். 1938-ஆம் வருஷம் அது வறண்டு ஆறாவது வருஷம். காலையில் நெசவுக்காரர்கள் அங்கே கம்புகளை நட்டு, தறிக்குப் போகும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். மத்தியானம் ஆடுகள். மாலையில் ஊரே அங்கேதான். ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் எந்தக் கரையில் யார் இறங்கலாம், எந்தப் படியில் யார் மொள்ளலாம் என்று ஆயிரம் சட்டம் இருந்தது. தண்ணீர் வற்றியதும் சட்டமும் வற்றிவிட்டது. காய்ந்த சேற்றில் யார் நிற்கலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த மறதியினால்தான் எங்கள் ஊர் ஆறு வருஷம் மனிதர்கள் வாழத் தகுந்த ஊராக இருந்தது.

ராசப்பன் சேரிக்காரன். பதினேழு வயதில் சேலத்துக்கு நடந்து போய், முகம்மது ஹனீப் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடையில் சேர்ந்தான். கம்பளிப் பந்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் பூப்பந்து பேட்டுக்கு நரம்பு கட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். பெரிய விலை கொடுத்துச் சீமையிலிருந்து வரவழைக்கும் அந்த நரம்பு வெறும் ஆட்டுக் குடல்தான் என்று தெரிந்த அன்று அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்க பாய், இதுக்கா கப்பலு? எங்கூர்ல ஒரு வாரம் காயப்போட்டா இரும்புக் கம்பியாட்டம் ஆயிருமுங்களே!"

"போட்டுக் காட்டுப்பா, வாங்கிக்கறேன்" என்றார் ஹனீப்.

ஊருக்குத் திரும்பினான். கல்யாணமும் ஆயிற்று. மறுநாள் அங்கம்மாள் கையில் ஒரு கூடைக் குடலைக் கொடுத்தான்.

"ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்குப் பூ வாங்கியாருவாங்க" என்றாள் அங்கம்மாள்.

"பூ சாயங்காலம் வாடிரும் புள்ள. இது பத்து வருஷம் வரும்."

"நாத்தமுமா?"

நாற்றத்தைச் சபித்துக்கொண்டேதான் அவள் மூங்கில் சிராயால் குடலைச் சுரண்டினாள், அவன் முறுக்கினான். முதலில் சேரி வாசலிலும், ஏரி வற்றியதும் அங்கே நெசவுக்காரர்களின் பாவுக்குப் பக்கத்திலும் இரண்டு முளை அடித்து நரம்பை இழுத்துக் கட்டினான். எங்கள் ஊர்க் காய்ந்த காற்றில் அது கெட்டியாகி, விரலால் சுண்டினால் வீணை மாதிரி பேசும். ஈரோடு, கோயமுத்தூர் ஆட்டக்காரர்கள் ஹனீப் கடையில் வந்து, "அந்த ராசிபுரத்துப் பக்கத்து ஆள் நரம்பு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கிளப் பேட்டுகளுக்கும் அவன்தான் நரம்பு கட்டினான், ஒன்பது வருஷம். கிளப்பைச் சுற்றிக் கிளுவை வேலி. பின்பக்கம் வேலியில் ஒரு சந்து. பேட்டுகள் அந்தச் சந்து வழியாக வெளியே வரும், நரம்பு கட்டி அந்தச் சந்து வழியாக உள்ளே போகும். ராசப்பனின் கை முழங்கை வரை உள்ளே போகலாம். அதற்கு மேல் அவனுக்கு அனுமதி இல்லை.

"டே ராசப்பா, போன தடவை கட்டினது கொஞ்சம் தொய்வுடா" என்பார் உள்ளேயிருந்து வக்கீல் மணியன்.

"தொய்வில்லீங்க. நீங்க பந்தைப் பாக்காம பிரசிடெண்டைப் பாத்து அடிச்சீங்க. நான் சந்துல பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன்."

"வாய் நீளம்டா உனக்கு."

"நரம்பும் நீளந்தானுங்க."

சந்து வழியாக அவன் பார்த்தது ஆட்டத்தை மட்டும் அல்ல, தரையையும். செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, கல் உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்ட தரை. அவனும் அதற்குள் நல்ல ஆட்டக்காரன். கட்டிய நரம்பைச் சோதிக்க ஏரியில் பந்தைத் தட்டிப் பார்த்தவனை, சரவணமுத்து என்ற நெசவுக்காரர் கையைப் பிடித்து இழுத்துத் தன் அணியில் போட்டுக்கொண்டிருந்தார். பாவுக் கம்பு இரண்டும் கழிவு நூலில் பின்னிய வலையும் அவர்கள் மைதானம். ஆனால் ஏரித் தரை முழுக்க வெடிப்பு. பந்து விழுந்தால் தேட வேண்டும், கால் விழுந்தால் பிடுங்க வேண்டும்.

"சாவறதுக்குள்ள அந்தச் செம்மண்ணுல நின்னு ஒரே ஒரு பாயிண்ட் எடுத்துரணும் புள்ள" என்பான் அங்கம்மாளிடம்.

"எடுத்து?"

"எடுத்து என்ன? எடுத்துட்டேன்னு இருக்கும்."

அவன் பிசைந்து முறுக்கிய குடலைப் பெரிய மனிதர்கள் கையில் பிடிக்கலாம். அவன் கால் அவர்கள் மண்ணில் படக் கூடாது. இதற்கு என்ன நியாயம் என்று நானும் நிறையப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். புத்தகங்கள் இருக்கின்றன. நியாயம்தான் இல்லை.

அந்த வருஷம் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கிளப்புக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். கொடுத்தவர் குறும்புக்காரர். "வேறு அணியோடு ஆடி ஜெயித்தால்தான் கோப்பை, உங்களுக்குள்ளேயே ஆடி அலமாரியில் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஊரில் இன்னோர் அணி ஏரி அணிதான். வக்கீல் மணியன் ஒரு முழு நாள் யோசித்து ஷரத்துகள் எழுதினார். கோர்ட்டில் அவருக்குக் கிடைக்காத பெருமையையெல்லாம் அந்த ஒரு தாளில் கொட்டினார். ராசப்பன் கிளப்புக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே ஆட்டம் ஏரியில். சரவணமுத்து சேலத்துக் காலேஜிலிருந்து யாரையாவது கடைசி நேரத்தில் இறக்கிவிடக் கூடாது. ஆகவே ஐந்தாவது ஷரத்து: பெயர் கொடுத்த ஐவரில் ஒருவரை மாற்றினாலும் அந்த அணி தோற்றதாகக் கொள்ளப்படும். எந்த ஒப்பந்தத்திலும் மழைக்கு ஒரு வரி எழுதாவிட்டால் வக்கீல் கைக்குத் தூக்கம் வராது. ஆகவே ஒன்பதாவது ஷரத்து: மழையால் ஆட்டம் நின்றால், விட்ட இடத்திலிருந்து மறு ஞாயிறு கிளப் தரையில் தொடரும், மறுக்கும் அணி தோற்றதாகக் கொள்ளப்படும்.

அதைப் படித்துச் சரவணமுத்து சிரித்தார். "மழையாங்க? இந்த ஊர்லயா?"

வக்கீலும் சிரித்தார். "சும்மா முறைக்கு எழுதியதப்பா. கையெழுத்துப் போடு."

போட்டார்கள். நடுவராகச் சேலத்திலிருந்து ஹனீப் வருவதாக ஏற்பாடு.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. மழைக்காக வருண ஜபம் செய்ய வேண்டும் என்று கிளப் பிரமுகர்கள் முடிவு செய்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்று செய்ய வேண்டியது. கழுத்தளவுக்கு எங்கே போவது? கோயில் முற்றத்தில் நான்கு பெரிய பித்தளை அண்டாக்களை வைத்து நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். சேரிக் கிணற்றில் பெண்கள் சிரட்டையால் மண்ணோடு தண்ணீரை வழித்துக்கொண்டிருந்த வாரம் அது. நாலு அண்டாத் தண்ணீர் நாலு தொந்திகளைக் குளிர்வித்துவிட்டுச் சாக்கடைக்குப் போனது. வக்கீல் மணியன் மூன்றாவது அண்டா. அண்டாவில் இறங்கியது எளிதாக இருந்தது. ஏறுவதற்கு இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் அண்டாவில் உட்காருவதற்கு மூன்று நாள் முன்பே, வங்காள விரிகுடாவில் கடலூருக்கு நேரே புயல் உருவாகிறது என்று செய்தித்தாளில் நாலு வரி வந்திருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டிய கிளப்பில் பத்திரிகையை யாரும் புரட்டவில்லை.

ஐப்பசி ஞாயிறு மாலை. ஏரியில் ஆயிரம் பேர். முதல் ஆட்டம் கிளப்புக்கு. இரண்டாவது ஏரிக்கு. மூன்றாவது ஆட்டத்தில் இருபத்தொன்பது எடுத்தவர்களுக்குக் கோப்பை. இருபத்தேழுக்கு இருபத்தேழு என்று ஹனீப் கத்தினார். ராசப்பன் பந்தைக் கையில் எடுத்தான். அப்போது அவன் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

"எவண்டா அது எச்சி துப்பறது?" என்று நிமிர்ந்தான். இரண்டாவது சொட்டு கண்ணில் விழுந்தது.

பிறகு வானம் கிழிந்தது. ஆறு வருஷத்துப் பாக்கியையும் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கிற மாதிரி கொட்டியது. யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. கிழவர்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். நெசவுக்காரர்கள் வலையோடு சேர்த்துத் தங்களையும் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து நனைந்து கொய்யாப்பழம் கனம் ஆனது. விடாமல் இன்னும் ஒரு பந்து அடித்துப் பார்த்தார்கள். டிங் என்று பேச வேண்டிய நரம்பு டொப் என்றது. அடுத்த அடிக்கு அதுவும் சொல்லவில்லை. குடல் நரம்புக்கு ஈரம் ஆகாது. பத்து பேட்டும் மீன் வலையாகத் தொங்கின. ஹனீப் கையைத் தூக்கினார்.

"ஆட்டம் நின்னது! இருபத்தேழு இருபத்தேழு!"

மழையில் நனைந்துகொண்டே வக்கீல் மணியன் மார்பைத் தட்டினார். "பார்த்தீர்களா? எங்கள் ஜபம்! எங்கள் ஜபம்!"

"ஆமாங்க, உங்க ஜபந்தானுங்க" என்றார் சரவணமுத்து, பல்லெல்லாம் தெரிய. "மழையைக் கூட்டியாந்தது நீங்க. ஒன்பதாவது ஷரத்தை எழுதுனது நீங்க. இப்ப எங்க ராசப்பனை கிளப்புக்குள்ள கூட்டிப் போறதும் நீங்கதானுங்க!"

வக்கீலின் கை மார்பிலேயே நின்றுவிட்டது. அந்தத் தாளை எழுதியபோது ஐந்தாவது ஷரத்தையும் ஒன்பதாவது ஷரத்தையும் அவர் தனித்தனியாகத்தான் யோசித்திருந்தார். இரண்டும் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று மழைதான் அவருக்கு வாதாடிக் காட்டியது.

மறுநாள் கிளப் வாசலில் பஞ்சாயத்து. ஹனீப் சேலத்துக்குத் திரும்பாமல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏரியிலேயே ஆடலாம்" என்றார் வக்கீல்.

"ஆடலாமுங்க, பரிசல் கொண்டாந்தா" என்றார் சரவணமுத்து.

"ராசப்பனுக்குப் பதில் வேறு ஆளைப் போடு."

"ஐந்தாவது ஷரத்து" என்றார் ஹனீப்.

"அப்படியானால் நாங்கள் ஆடவில்லை."

"ஒன்பதாவது ஷரத்து. கோப்பையைக் கொண்டாங்க வக்கீல் சார், கட்டிக்கிட்டுப் போய்க் குடுத்துர்றேன்."

"மழையே இல்லை அது, வெறும் தூற்றல் என்று சொன்னால்?"

"அப்ப ஜபம் பலிக்கலையா?" என்று உள்ளேயிருந்து கிளப் மெம்பர் ஒருவரே கேட்டுவிட்டார். அண்டாவில் உட்கார்ந்த நாலு பேரில் அவர் ஒருவர். யோசித்துச் சொல்கிறோம் என்று வாசல் சாத்தப்பட்டது.

அந்த யோசனை எப்படி நடந்தது என்றும் எனக்குத் தெரியும். இரண்டு பேர் மெம்பர் பதவியை விட்டே விலகுவதாகக் குதித்தார்கள். சேரிப் பக்கம் ஆள் அனுப்பி, ராசப்பனுக்குக் காய்ச்சல் என்று அவனையே சொல்லவைக்கப் பார்த்தார்கள். சொல்லாவிட்டால் நிஜமாகவே காய்ச்சல் வரும்படி செய்வோம் என்றும் ஜாடை காட்டினார்கள். ராசப்பன் சாயங்காலம் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு அங்கம்மாளிடம் கேட்டான்.

"போகட்டுமா, வேண்டாமா புள்ள?"

"ஒன்பது வருஷமா என் காதுல ஓதுனது அந்த மண்ணு. இனி போகாம இருந்தா இன்னும் ஒன்பது வருஷம் ஓதுவீங்க. என்னால ஆகாது சாமி. போயிருங்க."

புதன்கிழமை வேலிச் சந்தில் தொங்கிப்போன ஐந்து கிளப் பேட்டுகள் எட்டிப் பார்த்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டுமானால் நரம்பு வேண்டுமே! வெளியே அங்கம்மாள் நின்றிருந்தாள்.

"ராசப்பன் எங்கே?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"ஊட்டுல இருக்காருங்க."

"இதை வாங்கிப் போ. சனிக்கிழமைக்குள் வேண்டும்."

"வாங்க மாட்டேனுங்க வக்கீலையா. எங்க ஊட்டுக்காரர் கையி மட்டும் தனியா வந்து வேலை செய்யாதாம். காலும் கூட வருமாம். கதவு வழியா ஆள் வந்தாத்தான் பேட்டு நிமிருமுங்க."

"திமிரா?"

"இல்லீங்க, ஈரம். நரம்புக்கு ஈரம் ஆகாதுங்க."

பேட்டுகள் உள்ளே போய்விட்டன. சேலத்தில் வேறு ஆளைத் தேடலாம் என்றால், சேலத்தில் நரம்பு விற்பது ஹனீப். நரம்பைச் செய்வது இவன். வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை, கிளப் வாசல் கதவு திறந்தது. ராசப்பன் உள்ளே போய், செம்மண் தரையின் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்து பத்து பேட்டுக்கும் நரம்பு கட்டினான். எதிரி பேட்டை ஏமாற்றிக் கட்டவில்லை. "தொய்வா கட்டியிருந்தா ஜெயிச்சதை எவன் ஒத்துக்குவான்?" என்று பிறகு சொன்னான்.

ஞாயிறு மாலை அதே ஆயிரம் பேர் வேலியைச் சுற்றி. சேரிப் பெண்களுக்கு வேலிச் சந்துதான் முன்வரிசை. அங்கம்மாள் அதில் முகத்தை வைத்துக்கொண்டாள். தரையில் கால் வைத்ததும் ராசப்பன் ஓர் அடி எடுத்தான், நின்றான், இன்னோர் அடி எடுத்தான். வெடிப்பே இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான்.

"என்ன?" என்றார் சரவணமுத்து.

"மண்ணுதானுங்க! ஒன்பது வருஷமா என்னமோன்னு நெனச்சேன்!"

அந்தச் சிரிப்பிலேயே முதல் பந்தைத் துரத்தி, வழுவழுத் தரையில் வழுக்கி, மல்லாக்க விழுந்தான். கிளப்புக்கு இருபத்தெட்டு. ஏரி அணிக்கு இனி இரண்டு பாயிண்டும் வேண்டும். ஒன்று தவறினாலும் கோப்பை போயிற்று.

அடுத்த பந்தை அவனே எடுத்து வலையின் ஓரத்தில் சொருகினான். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. கடைசிப் பந்து.

இங்கேதான் அவனுக்குப் பைத்தியம் பிடித்தது. பந்து அவனிடம் வந்தது. எதிரில் பின்பக்கம் முழுக்கக் காலி. அடித்திருந்தால் முடிந்திருக்கும். அவன் மெதுவாகத் தூக்கிக் கொடுத்தான். திரும்பி வந்தது. மறுபடி தூக்கிக் கொடுத்தான்.

"அடிடா!" என்று கத்தினார் சரவணமுத்து.

"இருங்க!"

"அடிச்சு முடிடா பாவி!"

"முடிஞ்சா வெளிய போகணுமுங்களே! கொஞ்சம் இருங்க!"

ஒன்பது வருஷம் காத்திருந்து வந்தவன் ஐந்து நிமிஷத்தில் கிளம்ப மனமில்லாமல், அந்தத் தரையின் ஒவ்வொரு மூலைக்கும் ஓடினான். வலப்பக்கம் ஓடித் தூக்கினான், இடப்பக்கம் ஓடித் தூக்கினான், வேண்டுமென்றே பின்னால் போய்க் கோட்டில் நின்று தூக்கினான். வெளியே ஆயிரம் பேரும் எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பது. நாற்பத்தொன்று. வக்கீல் மணியன் எந்தக் காற்றுக்காகக் கும்பகோணத்தை விட்டு வந்தாரோ, அந்தக் காற்று மழைக்குப் பிறகு ஈரம் ஏறிக் கனத்துக் கிடந்தது. ஐம்பத்து மூன்றாவது அடிக்கு அவர் பேட்டை இடுப்பில் வைத்து, வாயைத் திறந்து, "போதும்டா…" என்றார். பந்து அவர் காலடியில் போய் உட்கார்ந்தது.

ஆயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கிழிந்தன. சரவணமுத்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு தரையைச் சுற்றி ஓடினார். ஒரே ஒரு பாயிண்டுக்கு ஆசைப்பட்டு, இரண்டு எடுத்து, அதையே பெயராகவும் வாங்கிக்கொண்ட ராசப்பன் இன்னும் பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலிப் பக்கம் சரசரவென்று சத்தம். வக்கீல் மூச்சு வாங்கிக்கொண்டே போய்ப் பார்த்தார். வெளியே அங்கம்மாள் ஒரு கட்டு வெள்வேல முள்ளை இழுத்து வந்து சந்துக்குள் வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். சேரிப் பெண்கள் இன்னும் இரண்டு கட்டு வைத்திருந்தார்கள்.

"ஏய், என்ன செய்கிறாய்? பேட் எப்படிக் கொடுப்பது?"

"ஆடு பூந்து செடியெல்லாம் தின்னுருமுங்க வக்கீலையா" என்றாள் அங்கம்மாள், இன்னொரு மிதி மிதித்து. "பேட்டுக்கு வாசல் இருக்குதுங்களே. எங்க ஊட்டுக்காரருக்கு வழி தெரியும்."